டம்பெல்லில் மணி எங்கே?

எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து கிலோ டம்பெல் ஒரு ஜோடி கிடக்கிறது. வாங்கிய புதிதில் தினமும் காலையில் தூக்கினேன். இப்போது அதில் ஒன்று பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. இன்னொன்று சோபாவுக்கு அடியில் ஓய்வெடுக்கிறது. போன லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் (ஆறாம் வகுப்பு, கேள்வி கேட்பதில் வக்கீல்) அதன் மேல் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, டம்ப்னா முட்டாள்தானே? பெல்னா மணி. அப்போ இது முட்டாள் மணியா?”

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கும் பதில் தெரியாது என்பது உறைத்தது. இத்தனை வருஷமாக வாயில் புழங்குகிற சொல். ஆனால் அந்த இரும்பில் மணியும் இல்லை, மணியின் வடிவமும் இல்லை, நாக்கும் இல்லை. அப்புறம் தேடிப் படித்ததில் கிடைத்த கதை, அவளுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமானது. அதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த ‘டம்’. ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் ஊமை. எழுதும்போது கடைசியில் ஒரு ‘பி’ உண்டு, சொல்லும்போது அந்த ‘பி’ வாயைத் திறக்காது. ஊமை என்று பொருள்படும் சொல்லுக்குள்ளேயே ஓர் ஊமை எழுத்து! டம்பெல் என்று எழுதும்போது இந்த ஊமை ‘பி’யும் மணியின் ‘பி’யும் ஒட்டி உட்காரும். ஒன்றை விழுங்கிவிட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் வக்கீலுக்கு இந்த ஒரு தகவல்தான் அடுத்த வாரமே ஸ்பெல்லிங் டெஸ்டில் பயன்பட்டது.

முட்டாள் என்ற பொருள் பின்னால் வந்து பலமானது. ஜெர்மன் மொழியில் இதே வேரிலிருந்து வந்த ‘டும்’ என்ற சொல்லுக்கு முட்டாள் என்றுதான் அர்த்தம். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் அமெரிக்காவில் குடியேறியபோது அந்தப் பொருள் அமெரிக்க ஆங்கிலத்தில் வேர்பிடித்தது. 1920-களில் அமெரிக்கர்கள் மந்தபுத்திக்காரரை ‘டம்பெல்’ என்றே திட்டத் தொடங்கினார்கள். ஆக, அக்கா மகள் சொன்னது முழுத் தப்பில்லை. வரிசைதான் மாறிப்போயிற்று. கருவிக்குப் பெயர் வந்து இருநூறு வருஷம் கழித்துத்தான் அந்தப் பெயர் வசவாக மாறியது.

ஓசை எழுப்பாத பொருளுக்கு ஊமை என்று பெயர் வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. வானம் மூடிக்கிடக்கும், வெயில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உடம்பு எரியும். அது ஊமை வெயில். ரத்தம் வராமல் உள்ளே கன்றிப்போனால் ஊமைக்காயம். ஆளைக் குறிக்க இந்தச் சொல்லை இன்று தவிர்க்கிறோம், அது சரியும்கூட. ஆனால் பொருள்களின் பெயரில் அது தங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் அப்படியே. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் தட்டுகளை அடுக்கி வைக்கும் சுழல்தட்டு மேடைக்கு 18-ம் நூற்றாண்டில் ‘ஊமைப் பரிமாறுபவர்’ என்று பெயர் வைத்தார்கள். பேச்சை ஒட்டுக்கேட்காத, எதிர்த்துப் பேசாத வேலையாள்! ‘டம் வெய்ட்டர்’ என்ற அந்தப் பெயர் பிறகு மாடிகளுக்கிடையே சாப்பாடு ஏற்றும் சின்ன லிஃப்டுக்குப் போய்விட்டது.

சரி, டம்பெல் என்றால் ஊமை மணி. அப்படியானால் எங்கோ ஒரு நிஜ மணி இருந்திருக்க வேண்டுமே?

இருந்தது. இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரங்களில்.

மணியடிப்பது என்றதும் நமக்குக் கோயில் மணிதான் கண்முன் வரும். கயிற்றை இழுத்தால் மணி லேசாக ஆடும், நாக்கு போய் மோதும், டாண் என்று கேட்கும். இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் ஊன்றிய முறை வேறு. அங்கே ஒவ்வொரு மணியும் ஒரு பெரிய மரச்சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். கயிறு அந்தச் சக்கரத்தின் விளிம்பில் சுற்றிக் கீழே தொங்கும். அடிக்கத் தொடங்கும் முன்பே மணியை வாய் மேலே பார்க்கும்படி தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். ஒரு சின்ன இழுப்பு, மணி சரிந்து, முழு வட்டம் சுழன்று, மறுபடி வாய் மேலே வந்து நிற்கும். இன்னோர் இழுப்பு, எதிர்த்திசையில் அதே வட்டம். கீழே நிற்பவரின் கைகளைக் கயிறு தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு போகும், அவர் அதை இடுப்புவரை இழுத்து இறக்குவார். மேலே, கீழே, மேலே, கீழே. ஜிம்முக்குப் போகிறவர்கள் இந்த அசைவை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கம்பியைப் பிடித்துக் கீழே இழுக்கும் மெஷினில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இதில் அவர்கள் ஒரு கணக்கு விளையாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆறேழு மணிகளை வரிசையாக அடிப்பது, பிறகு வரிசையை மாற்றி அடிப்பது, ஒருமுறை வந்த வரிசை திரும்ப வரக்கூடாது. ஏழு மணிகளை எத்தனை விதமாக அடுக்கலாம்? ஏழை ஆறால், ஐந்தால், நான்கால் என்று பெருக்கிக்கொண்டே போனால் 5,040. அத்தனையையும் நிறுத்தாமல் அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அந்தக் கால இளைஞர்களுக்கு இது பக்தியைவிடப் பொழுதுபோக்காகவும் தேகப்பயிற்சியாகவும் இருந்தது. லண்டனில் இதற்கென்றே ‘காலேஜ் யூத்ஸ்’ என்ற சங்கம் இருக்கிறது. தான் தொடங்கிய ஆண்டு 1637 என்று சொல்லிக்கொள்ளும் அது இன்றும் மணியடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு சிக்கல், சத்தம். புதிதாகக் கற்பவன் தப்பும் தவறுமாக மூன்று மணி நேரம் அடித்தால் ஊர் தாங்குமா? அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மணியின் நாக்கைக் கட்டிவிடுவது. இன்றுவரை கோபுரங்களில் புதியவர்களைப் பழக்க இப்படித்தான் செய்கிறார்கள். மணி சுழலும், நாக்கு அசையாது. (இப்போது ஒரு சென்சாரை மாட்டி, ஓசையைக் கம்ப்யூட்டரில் மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள்.) இன்னொரு வழி, மணியையே எடுத்துவிடுவது. சக்கரம், கயிறு, எடை எல்லாம் இருக்கும், மணி மட்டும் இருக்காது. கயிறு இழுக்கும் உடற்பயிற்சி மட்டும்தான் வேண்டும் என்பவருக்குக் கோபுரமும் வேண்டாம், வீட்டு மூலையே போதும். இப்படி மணியில்லாமல் மணியடிக்கும் இயந்திரத்துக்குத்தான் ‘ஊமை மணி’ என்று பெயர் விழுந்தது.

இது யாரோ கட்டிவிட்ட கதை இல்லை என்பதற்கு நல்ல சாட்சி உண்டு. 1711-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி லண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் 115-வது இதழ். எழுதியவர் ஜோசப் அடிசன். உடலுழைப்பு ஏன் தேவை என்பதுதான் அன்றைய கட்டுரை. கிராமத்தில் இருந்தால் வேட்டை, குதிரைச் சவாரி என்று உடம்புக்கு வேலை கிடைத்துவிடும், நகரத்தில் என்ன செய்வது? கட்டுரையில் பேசும் பாத்திரம் தன் கதையைச் சொல்கிறது. அறையின் ஒரு மூலையில் ஒரு ‘டம்பெல்’ வைத்திருக்கிறாராம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதில் பயிற்சி. நான் சொன்னதையெல்லாம் சத்தமே போடாமல் செய்கிறது, அதனால் எனக்கு அதை இன்னும் பிடிக்கும் என்கிறார். வீட்டுக்காரம்மாவுக்கும் அவருடைய பெண்களுக்கும் இந்த நேரம் அத்துப்படி. அவர் ‘மணியடிக்கும்’ சமயத்தில் யாரும் அறைக்குள் வந்து தொந்தரவு செய்யமாட்டார்களாம்.

அந்தக் கடைசி வினைச்சொல்தான் முக்கியம். டம்பெல்லைத் தூக்குகிறேன் என்று அவர் எழுதவில்லை, மணியடிக்கிறேன் என்கிறார். மூலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்கிறார், கையில் பிடிப்பதாக இல்லை. ஆகவே 1711-ல் டம்பெல் என்றால் கயிறு கட்டிய இயந்திரம்.

அதே கட்டுரையில் அடுத்த பத்தி இன்னும் சுவையானது. இளவயதில் இதைவிடக் கடினமான ஒரு பயிற்சியைச் செய்தேன், ஒரு லத்தீன் நூலைப் படித்துக் கற்றுக்கொண்டேன் என்கிறார். கைக்கு ஒன்றாக இரண்டு குட்டைக் கம்புகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஈயக்கட்டி. அவற்றைப் பிடித்துக்கொண்டு எதிரில் ஆளில்லாமல் தன் நிழலோடு சண்டை போடுவது. அதற்கு அவர் தரும் பெயர் ‘ஸ்கியோமாகியா’, கிரேக்கத்தில் நிழற்சண்டை என்று பொருள். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். குட்டையான கம்பு, இரு முனையிலும் எடை, கைக்கு ஒன்று. நம் வீட்டு ஹாலில் கிடப்பது இதுதானே! ஆக அடிசனின் அறையில் டம்பெல் என்ற பெயரும் இருந்தது, டம்பெல் என்ற பொருளும் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் அந்தப் பொருளுக்கு உரியதாக இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் அக்கம்பக்கமாக நின்றும் இன்னும் சம்பந்தம் பேசி முடியவில்லை.

பழைய ‘ஊமை மணி’ ஒன்று இன்றும் மிச்சமிருக்கிறது. லண்டனுக்குத் தெற்கே கென்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் என்ற ஊரில் நோல் என்றொரு மாளிகை உண்டு. சாக்வில் என்ற பிரபுக் குடும்பத்தின் வீடு. அதன் மேல்தளத்தில் இருக்கும் கருவியைப் பார்த்தால் நம்மூர்க் கிணற்று ராட்டினம் நினைவுக்கு வரும். ஒரு மர உருளை, அதில் சுற்றிய கயிறு. உருளையிலிருந்து நான்கு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கையின் முனையிலும் ஓர் ஈயக் குண்டு. கயிற்றை இழுத்தால் உருளை சுழலும். குண்டுகளின் எடை அதை நிற்கவிடாமல் தொடர்ந்து சுழற்றிக் கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். மறுபடி இழுக்க வேண்டும். தேவாலய மணி கையை மேலே இழுத்துக்கொண்டு போகுமே, அதே உணர்வு.

இந்தக் கருவியின் அமைப்பைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நான்கு கைகள் என்பது குறுக்கே வைத்த இரண்டு கம்பிகள்தான். அவற்றில் ஒரு கம்பியை மட்டும் மனக்கண்ணால் கழற்றிப் பாருங்கள். இரு முனையிலும் குண்டு, நடுவில் கம்பி. படம் வரைந்தால் டம்பெல்தான் வரும். இயந்திரத்தின் பெயர் கைக்கருவிக்குத் தாவியதற்கு இந்த உருவ ஒற்றுமையும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டும் செய்த வேலையும் ஒன்றுதான்: மழையோ பனியோ, அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் தோளுக்கும் கைக்கும் வேலை கொடுப்பது.

ஜிம் வட்டாரத்தில் வேறொரு கதை சொல்வார்கள். அந்தக் காலப் பயில்வான்கள் கைமணிகளின் நாக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த மணிகளையே தூக்கிப் பழகினார்கள், அதனால் ஊமை மணி என்று பெயர் வந்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் பழைய சாட்சியம் கயிற்று இயந்திரத்தின் பக்கம்தான் பேசுகிறது. நாக்கைப் பிடுங்கிய மணி, சொல்லின் பொருளைப் பார்த்துப் பின்னால் புனைந்த காட்சி என்றே எனக்குப் படுகிறது. சொற்பிறப்பு விஷயத்தில் கதை ரொம்பப் பொருத்தமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது என் வழக்கம்.

18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெயர் மெல்லக் கைக்கருவிக்கு இடம் மாறியது. பெஞ்சமின் ஃபிராங்ளின், மின்னலுக்குப் பட்டம் விட்டாரே அவர்தான், 1772-ல் மகன் வில்லியமுக்கு எழுதிய கடிதத்தில் டம்பெல் பற்றிச் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது 66. எந்தப் பயிற்சி உடம்பை எவ்வளவு சூடாக்குகிறது என்று ஒரு விஞ்ஞானிக்கே உரிய முறையில் ஒப்பிட்டுக்கொண்டு போகிறார். நாற்பது முறை வீசியதில், நிமிடத்துக்கு 60 ஆக இருந்த நாடித்துடிப்பு 100-ஐத் தொட்டது, நொடிமுள் கடிகாரத்தை வைத்து எண்ணினேன் என்கிறார். ஸ்மார்ட் வாட்ச்சில் ஹார்ட் ரேட் பார்க்கும் பழக்கத்துக்கு வயது 250 ஆகிவிட்டது! கவனிக்க வேண்டியது, அவர் ‘வீச்சு’ என்று எண்ணுகிறார். அடிசனைப்போல ‘மணியடித்தேன்’ என்று சொல்லவில்லை. கையில் பிடித்து வீசும் பொருளைத்தான் அவர் நினைத்திருப்பார் என்று தோன்றுகிறது. 81 வயதிலும், அளவாகச் சாப்பிடுகிறேன், மது குடிப்பதில்லை, தினமும் டம்பெல் பயிற்சி செய்கிறேன் என்று இன்னொரு கடிதத்தில் எழுதினார்.

19-ம் நூற்றாண்டு வந்தபோது கயிற்று இயந்திரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. இங்கேதான் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது.

டம்பெல்லையே நீட்டி, இரண்டு கையாலும் பிடிக்கும்படி ஒரு நீளக்கம்பி செய்தார்கள். அதற்குப் பெயர் வேண்டும். கம்பிக்கு ஆங்கிலத்தில் ‘பார்’. அதோடு டம்பெல்லின் வாலை வெட்டி ஒட்டினார்கள்: ‘பார்பெல்’. இதற்கும் மணிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டம்பெல்லுக்காவது தாத்தா ஒருவர் மணியடித்தார் என்று சொல்லிக்கொள்ளலாம், பார்பெல்லின் வம்சத்தில் யாரும் மணியைத் தொட்டதே இல்லை. அடுத்து கெட்டில்பெல். இது ரஷ்யக் கருவி, அங்கே பெயர் ‘கீர்யா’. சந்தையில் தானியம் நிறுக்கும் எடைக்கல்தான் கீர்யா. நிறுத்து முடித்த கையோடு இளைஞர்கள் அதைத் தூக்கிப் பந்தயம் கட்ட, பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. ரஷ்யாவின் பழைய எடை அளவு ‘பூத்’, சுமார் 16.4 கிலோ. இன்றும் கெட்டில்பெல்கள் 16, 24, 32 கிலோ என்று வருவது அதனால்தான்: ஒரு பூத், ஒன்றரை பூத், இரண்டு பூத். கைப்பிடியோடு கூடிய கெண்டி மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் ‘கெட்டில்’ சேர்ந்தது, எடை என்பதைச் சொல்ல ‘பெல்’ சேர்ந்தது. அதாவது ஜிம் மொழியில் ‘பெல்’ என்ற துண்டுக்கு மணி என்ற அர்த்தமே போய், தூக்கும் எடை என்ற அர்த்தம் வந்துவிட்டது.

இது எப்படி நடக்கும் என்று ஆச்சரியப்பட்டால், அடுப்பங்கரையில் நிற்கும் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பாருங்கள். எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். எள்ளிலிருந்து எடுத்த நெய், எள்நெய், எண்ணெய். ஆதியில் அது எள்ளின் எண்ணெய் ஒன்றைத்தான் குறித்தது. பிறகு எதைப் பிழிந்து எடுத்தாலும் எண்ணெய் என்றாகிவிட்டது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய், எதிலும் எள் இல்லை, ஆனால் பெயருக்குள் எள் ஒளிந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் எள்ளும் கிடையாது, நெய்யும் கிடையாது. இதில் வேடிக்கை, அசல் எள்ளெண்ணெய்க்குத் தன் பெயரே பறிபோய், அதைத் தனித்துச் சொல்ல ‘நல்லெண்ணெய்’ என்று புதுப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பார்பெல்லில் மணியைத் தேடுவதும் மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுவதும் ஒன்றுதான். எடைக்கல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். மளிகைக் கடைத் தராசில் வைப்பது இரும்பு, சொல்வது கல்.

மற்ற மொழிகள் இந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைத்தன என்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தனித் திசையில் போயிருக்கிறது. ஜெர்மானியர்கள் மணிப் பக்கமே போகவில்லை. 1811-ல் பெர்லினுக்கு வெளியே திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைத்த ஃபிரீட்ரிக் லுட்விக் யான், கையோடு தொடர்புடைய வட்டாரச் சொல்லிலிருந்து ‘ஹான்டல்’ என்று வைத்தார், கைப்பிடி என்ற பொருளில். ரஷ்யர்கள் அதையே வாங்கிக்கொண்டார்கள். ஸ்பானிய மொழியில் ‘மான்குவெர்னா’, கொம்போடு கொம்பு சேர்த்துக் கட்டிய ஜோடி மாடு என்பது அதன் பழைய பொருள். இரண்டு குண்டை ஒரு கம்பி பிணைத்திருக்கிறது அல்லவா, அதுதான். மெக்சிகோவில் சட்டைக் கைப்பட்டியில் மாட்டும் கஃப்லிங்கையும் இதே சொல்லால்தான் அழைப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் நேரே கிரேக்கத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு இது ‘அல்தேர்’. கிரேக்க ‘ஹால்டேரஸ்’ என்பதன் வழி வந்தது. அந்தச் சொல்லின் வேர், தாவுதல். பழைய ஒலிம்பிக்கில் நீளம் தாண்டும் வீரர்கள் கைக்கு ஒன்றாகக் கல்லிலோ ஈயத்திலோ செய்த எடையைப் பிடித்துக்கொண்டு, அதை முன்னே வீசித் தாவுவார்கள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். தாவுவதற்கு வந்த எடை பிறகு கைக்குப் பலம் சேர்க்கும் எடையாகவும் ஆனது. 2-ம் நூற்றாண்டு மருத்துவர் காலென் இதை வைத்துச் செய்யும் பயிற்சிகளை விவரித்திருக்கிறார். சிசிலியில் பியாட்சா அர்மெரினா என்ற ஊரில், 4-ம் நூற்றாண்டு ரோமானிய மாளிகையின் தரையில் ஒரு மொசைக் ஓவியம் இருக்கிறது. இன்றைய பிகினி போன்ற உடையில் விளையாடும் பெண்கள், அவர்களில் ஒருத்தியின் இரு கையிலும் எடைகள். பெண்கள் எடை தூக்கலாமா என்று இன்னும் யாராவது கேட்டால் அந்தப் படத்தை அனுப்பிவிடலாம்.

ரோமானியக் கவிஞர் மார்ஷியலுக்கு மட்டும் இந்தக் கருவி பிடிக்கவில்லை. பலமான கைகளை ஏன் முட்டாள்தனமான ஹால்டேரஸில் வீணாக்குகிறாய், திராட்சைத் தோட்டத்தைக் கொத்தினால் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமே என்று இரண்டு வரியில் குத்தினார். ஜிம்முக்குக் கிளம்பும் பேரனைப் பார்த்து “காசு கொடுத்து இரும்பத் தூக்குறதுக்கு, தோட்டத்துல நாலு பாத்தி வெட்டேன்டா” என்று சொல்லும் தாத்தாவின் குரல் முதலாம் நூற்றாண்டு ரோமிலும் கேட்டிருக்கிறது.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் அமைந்தது. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டு சிறகுகள்தான். பின் சிறகுகள் இருக்க வேண்டிய இடத்தில், நுனி உருண்ட இரண்டு குட்டிக் குச்சிகள் இருக்கும். பறக்கும்போது உடல் சாயாமல் சமநிலை காக்க அவை உதவுகின்றன. பூச்சியியலில் அவற்றின் பெயர் ஹால்டேரஸ். அடுத்தமுறை காதோரம் கொசு பாடும்போது அதன் டம்பெல்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சீனர்கள் செய்ததுதான் எல்லாவற்றிலும் அழகு. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ‘யாலிங்’ என்றார்கள். ‘யா’ என்றால் ஊமை, ‘லிங்’ என்றால் மணி. ஆங்கிலம் செய்த அதே வித்தையை அவர்களும் தொடர்ந்தார்கள்: பார்பெல்லுக்குக் ‘கம்பு மணி’, கெட்டில்பெல்லுக்குக் ‘கெண்டி மணி’. லண்டன் வாடகை அறையின் மூலையில் சத்தமில்லாமல் ஆடிய கயிறு, சீன எழுத்துகளில் மணியாகவே பத்திரமாக இருக்கிறது. ஜப்பானியர்களும் இதே இரண்டு எழுத்துகளை எடுத்து ‘ஆரேய்’ என்று வாசித்தார்கள். ஆனால் பிறகு ஊமையைக் குறித்த எழுத்துக்குப் பதில் அதே ஒலியுள்ள வேறோர் எளிய எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அது ஆசியாவைக் குறிக்கவும் பயன்படும் எழுத்து. அங்கே மணி இருக்கிறது, ஊமைதான் காணாமல் போய்விட்டது!

தமிழில்? நாம் டம்பெல்லை அப்படியே வாங்கிக்கொண்டோம். அதிலும் ஆங்கிலப் பன்மையோடு சேர்த்து ஒற்றைக்கும் ‘டம்பெல்ஸ்’ தான். “அண்ணே, அந்த ஒரு டம்பெல்ஸை இங்கே தள்ளுங்க.” வேதியியல் வகுப்பில் எலெக்ட்ரான் மேகத்தின் வடிவம் சொல்லும்போதும் டம்பெல், 1764-ல் வானியலாளர் சார்ல் மெஸியே விண்வெளியில் கண்டுபிடித்த ஒளிமேகத்தின் பெயரிலும் டம்பெல். ஊமை மணி என்று யாராவது மொழிபெயர்த்தால் சிரிப்பார்கள், ‘கைப்பளு’ என்றால் ஓரளவு புரியும். ஆனால் ஜிம்மில் போய் அப்படிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

நம்மிடம் எடைப் பயிற்சிக்குச் சொல்லே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் பக்கமோ சாவடி ஓரமோ கிடக்கும் வழவழப்பான உருண்டைக் கல்லுக்கு இளவட்டக்கல் என்று பெயர். அதைத் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட வேண்டும். பிடிக்க ஒரு விளிம்புகூட இருக்காது, அதுதான் அதன் கஷ்டம். எதனால் ஆனது என்பதோடு நிற்காமல், யார் தூக்குவது என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது. சில ஊர்களில் கல்யாணக் கல் என்றும் சொல்வார்கள், தூக்கியவனுக்குத்தான் பெண் என்ற வழக்கத்தை வைத்து. அப்புறம் கர்லாக்கட்டை. இதற்கும் ஆங்கிலத்துக்கும் எதிர்த்திசையில் ஒரு போக்குவரத்து உண்டு. இந்தியா முழுவதும் பல பெயர்களில் புழங்கிய இந்தக் கட்டைகளைச் சுழற்றும் பயிற்சியைப் பிரிட்டிஷ் ராணுவத்தார் இங்கே பார்த்து, 19-ம் நூற்றாண்டில் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு ‘இந்தியக் கட்டை’ என்று பெயர். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். அங்கிருந்து டம்பெல் இங்கே வந்தது, இங்கிருந்து கர்லாக்கட்டை அங்கே போனது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா மகளிடம் சொன்னேன். மணியில்லாத மணி, சத்தம் வராது, அதனால்தான் ஊமை என்று முடித்தேன். “ஆனா நீங்க கீழ போட்டீங்கன்னா மட்டும் டமால்னு கேட்குமே மாமா” என்றாள்.

அது உண்மைதான். நான் போகும் ஜிம் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. கீழே ஒரு தையல் கடை. சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்: “டம்பெல்ஸைக் கீழே போடாதீர்கள்.” யாராவது இருபது கிலோவைத் தரையில் நழுவவிட்டால், அடுத்த நிமிடம் தையல்காரர் இஞ்ச் டேப் கழுத்தில் தொங்க மேலே ஏறி வந்துவிடுவார். அடிசனின் வீட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பிரச்சினை இருந்ததில்லை.